பழைய பச்சையும் புதிய பச்சையும்

இத்தாலி நாட்டின் வடபகுதியில், கோமோ ஏரிக்கரையில், மாண்டெல்லோ டெல் லாரியோ என்றொரு சிற்றூர் உண்டு. 1921ஆம் ஆண்டில் தோன்றிய மோட்டோ குஸ்ஸி நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள்களால் அவ்வூர் பெயர் பெற்றது. 1971இல் அந்நிறுவனம் ‘வி7 ஸ்போர்ட்’ என்னும் வண்டியை வெளியிட்டது. லினோ தோன்தி என்ற பொறியாளர் வடிவமைத்த வண்டி அது. எஞ்சினின் கொள்ளளவு 748 கன சென்டிமீட்டர். வேகத்தில் அது சிறந்த வண்டிதான். ஆயினும் இன்று அதன் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவில் எழுவது அதன் வேகம் அன்று, நிறமே.

பெட்ரோல் டாங்குக்கு எலுமிச்சங்காயை ஒத்த பச்சை. முதலில் வந்த வண்டிகளில் எஞ்சினைத் தாங்கும் எஃகுச் சட்டத்துக்குச் சிவப்பு. பின்னர் வந்த வண்டிகளில் சட்டம் கறுப்பாகிவிட்டது. அந்தப் பச்சைக்கு ‘வெர்தே லெஞ்ஞானோ’, அதாவது லெஞ்ஞானோ பச்சை, என்று பெயர். லெஞ்ஞானோ என்பது மிலான் நகருக்கு அருகிலுள்ள ஓர் ஊர். அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய பந்தயச் சைக்கிள்களும் உண்டு. ஃபவுஸ்தோ கோப்பி என்னும் புகழ்பெற்ற வீரர் 1940இல் தம் முதல் ‘இத்தாலியச் சுற்று’ப் பந்தயத்தை வென்றது லெஞ்ஞானோ அணியில் இருந்தபோதுதான். அந்த அணியின் சைக்கிள்களுக்குரிய பச்சையின் பெயரே முப்பது ஆண்டுகளுக்குப் பின் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது.

இப்போது அத்தகைய வண்டி ஒன்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து நம்முன் நிற்பதாக வைத்துக்கொள்வோம். டாங்கின் மேற்புறம் வெளிறிக் கிடக்கிறது. இருக்கை மூடியிருந்த பகுதியில் பச்சை அழுத்தமாக இருக்கிறது. பெட்ரோல் ஊற்றும் மூடியைச் சுற்றிப் பழுப்பேறியிருக்கிறது. உரிமையாளர் அதைப் பழைய அழகுக்குக் கொண்டுவர விரும்புகிறார். “எல்லாவற்றையும் சுரண்டியெடுத்துவிட்டு அசல் நிறத்தையே பூசித் தருகிறேன்” என்கிறார் வர்ணம் பூசுபவர்.

கேட்பதற்கு நல்ல யோசனையாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வண்டியில் மூன்று பச்சைகள் இருக்கின்றனவே, அவற்றுள் எது அசல்? எதைப் பார்த்துப் பொருத்துவது? சுரண்டியெடுத்த பின் பொருத்தம் சரிதானா என்று எதோடு ஒப்பிடுவது? பழைய வர்ணத்தை முழுதும் அகற்றிவிட்டு அசலைத் தேடுவது, சாட்சியை ஊரைவிட்டு அனுப்பிவிட்டு வழக்கை விசாரிப்பது போன்றது என்பதே என் கருத்து. ஏன் என்பதற்கு இயற்பியலே விடை சொல்லும்.

நிறம் எங்கே இருக்கிறது?

“டாங்கில் பூசிய பெயிண்டில் இருக்கிறது” என்று சட்டென விடை சொல்வீர்கள். அது மூன்றில் ஒரு பங்கு விடைதான். நிறம் உண்டாக மூன்று வேண்டும். முதலாவது, பொருளின்மீது விழும் ஒளி. இரண்டாவது, அவ்வொளியில் எந்த அலைநீளத்தை எவ்வளவு உட்கவர்ந்து, எவ்வளவு திருப்பியனுப்புவது என்று தீர்மானிக்கும் பூச்சு. மூன்றாவது, திரும்பி வரும் ஒளியை ஏற்கும் கண். இம்மூன்றில் ஒன்று மாறினாலும் நிறம் மாறும்.

நம் விழித்திரையில் நிறமறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஒவ்வொரு வகையும் தன்மீது விழும் பல அலைநீள ஒளிகளைத் தனித்தனியே எண்ணிச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகத்தான் மூளைக்கு அனுப்புகிறது. ஆகவே எந்த நிறமானாலும் மூளைக்குச் சேருவது மூன்றே தொகைகள்.

தொகை மட்டும் தெரிந்தால் என்ன இடர்ப்பாடு என்பதற்கு உங்கள் மதிப்பெண் பட்டியலையே உதாரணமாகக் கொள்ளலாம். ஒரு மாணவன் கணிதத்தில் 90, தமிழில் 70. இன்னொருவன் கணிதத்தில் 70, தமிழில் 90. இருவருக்கும் கூட்டுத்தொகை 160. தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் சமம். ஆனால் வேறொரு பள்ளியில் கணித மதிப்பெண்ணை இரட்டித்துக் கணக்கிட்டால் முதல்வனுக்கு 250, இரண்டாமவனுக்கு 230. சமம் என்று எண்ணியது சமமில்லை என்று ஆகிவிடுகிறது.

வர்ணத்திலும் இதுவே நிகழ்கிறது. பழைய பூச்சும் புதிய பூச்சும் பகல் வெளிச்சத்தில் ஒரே பச்சையாகத் தோன்றலாம். ஆனால் அவை ஒளியைத் திருப்பியனுப்பும் ‘மதிப்பெண் பட்டியல்’ வெவ்வேறாக இருக்கலாம். சூரிய ஒளிக்குப் பதில் மஞ்சள் பல்பின் ஒளியோ குழல் விளக்கின் ஒளியோ விழுந்தால், ஒவ்வோர் அலைநீளத்துக்கும் உரிய எடை மாறுகிறது. உடனே இரண்டு பச்சைகளும் பிரிந்து தெரிகின்றன. இப்பண்பை ‘மெட்டாமெரிசம்’ என்பர். துணிக்கடையில் சேலைக்கு ரவிக்கைத் துணி பொருத்தும்போது, வீட்டுப் பெண்கள் இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒரு விளக்கை மட்டும் நம்பக்கூடாது என்னும் இயற்பியல் உண்மை அவர்கள் அனுபவத்தில் கண்டறிந்ததுதான்.

மூன்று எண்களும் முப்பத்தொரு எண்களும்

கண்ணை மட்டும் நம்ப முடியாதெனில் கருவியை நாடலாம். நிறமாலை ஒளிமானி என்னும் கருவி, 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைப் பத்துப் பத்து நானோமீட்டராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பூச்சு எத்தனை விழுக்காட்டைத் திருப்பியனுப்புகிறது என்று அளக்கும். அப்போது நமக்குக் கிடைப்பது மூன்று தொகைகள் அல்ல, 31 எண்கள் கொண்ட முழுப் பட்டியல்.

இந்தப் பட்டியலிலிருந்து கண் காணும் மூன்று தொகைகளைக் கணக்கிடும் முறையைப் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் 1931இல் வகுத்தது. இரண்டு நிறங்களுக்கு இடையேயுள்ள வேற்றுமையை ஒரே எண்ணால் குறிக்கும் முறையொன்றை அதே ஆணையம் 1976இல் பரிந்துரைத்தது. அந்த எண் ஏறத்தாழ 1 ஆக இருந்தால், கூர்ந்து பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் வேற்றுமை மெல்லத் தென்படும் எனலாம்.

கருவி கிடைத்துவிட்டால் பொருத்தம் எளிதாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். 31 எண்களும் ஒத்துப்போக வேண்டுமானால், பழைய பூச்சிலுள்ள அதே நிறமிகளைக் கொண்டே புதிய பூச்சைக் கலக்க வேண்டும். அக்காலத்து வாகனப் பூச்சுகளில் மஞ்சள், ஆரஞ்சு போன்ற நிறங்களுக்கு ஈய குரோமேட் பெருமளவில் பயன்பட்டது. ஈயமும் நஞ்சு, குரோமேட்டிலுள்ள குரோமியமும் நஞ்சு. ஆகவே வாகனப் பூச்சுகளில் அவற்றின் இடத்தைக் கரிம நிறமிகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. நிறமி மாறினால் மதிப்பெண் பட்டியலும் மாறும். பழையதற்கு முற்றிலும் ஈடான புதியது, பல சமயங்களில் கலக்கவே முடியாத ஒன்று. பகல் ஒளியில் பொருந்துவதே நாம் எட்டக்கூடிய எல்லை.

வெயில் செய்த வேலை

இனி, டாங்கின் மேற்புறம் ஏன் வெளிறியது என்று பார்ப்போம். ஒளி சிறு சிறு பொட்டலங்களாக வருகிறது என்பதைப் படித்திருப்பீர்கள். ஒரு பொட்டலத்தின் ஆற்றலை எலெக்ட்ரான் வோல்ட்டில் அறிய, 1240 என்னும் எண்ணை நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் வகுத்தால் போதும். 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு இது சுமார் 2.25. சூரியனிலிருந்து தரையை வந்தடையும் புற ஊதாக் கதிர்களில் மிகக் குறுகியவை ஏறத்தாழ 300 நானோமீட்டர் அலைநீளம் உடையவை. அவற்றின் ஆற்றல் சுமார் 4.1. இரண்டு கார்பன் அணுக்களை இணைத்து வைத்திருக்கும் பிணைப்பை அறுக்கச் சுமார் 3.6 எலெக்ட்ரான் வோல்ட் போதும். பச்சை ஒளியால் முடியாததைப் புற ஊதாக் கதிர் செய்துவிடும் என்பது இக்கணக்கிலேயே தெரிகிறதல்லவா?

வெயில் இரண்டு வகையில் வேலை செய்கிறது. நிறமியின் மூலக்கூறுகளைத் தாக்கி நிறத்தையே மாற்றுவது ஒரு வகை. மஞ்சளும் நீலமும் கலந்து உண்டாக்கிய பச்சையில் மஞ்சள் முதலில் வலுவிழந்தால், எஞ்சுவது நீலம் பாய்ந்த பச்சை. நிறமித் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிசினை அரிப்பது மற்றொரு வகை. பிசின் அரிபட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகிறது. விரலால் தடவினால் சுண்ணாம்புபோல் மாவு ஒட்டும்.

இந்த இரண்டாவது வகையில் நிறமி பெரும்பாலும் அழியாமலேயே இருக்கும். பளபளப்பான பூச்சின்மீது நேராக விழும் வெள்ளொளியில் ஏறத்தாழ 4 விழுக்காடு, உள்ளே புகாமல் மேற்பரப்பிலேயே எதிரொளிக்கிறது. பரப்பு வழவழப்பாக இருந்தால் அது ஒரே திசையில் போய்விடும். சற்று விலகி நின்றால் நம் கண்ணில் படாது. பரப்பு சொரசொரப்பானால் அவ்வெள்ளொளி எல்லாத் திசைகளிலும் சிதறி, உள்ளிருந்து வரும் பச்சையோடு கலந்துவிடுகிறது. பாலில் கரைத்த சாயம்போல் நிறம் வெளிறித் தோன்றுகிறது.

இதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஈரத்துணியால் அந்த இடத்தைத் துடைத்துப் பாருங்கள். நீர், சொரசொரப்பான பள்ளங்களை நிரப்பிப் பரப்பை வழவழப்பாக்கும். ஈரமான மணல் கறுத்துத் தெரிவதில் இதற்கும் பங்கு உண்டு. துடைத்ததும் பச்சை அழுத்தமாகி, காய்ந்ததும் மீண்டும் வெளிறினால் நிறமி உயிரோடிருக்கிறது என்று பொருள். அந்த வண்டிக்கு மென்மையான மெருகூட்டலே பல சமயம் போதும். எத்தனையோ நல்ல பூச்சுகளை இந்த ஒரு நிமிடச் சோதனை உப்புத்தாளிலிருந்து காப்பாற்றக்கூடும்.

மறைந்திருந்த பச்சை

இருக்கையின் அடியில் வெயில் படாமலிருந்த பகுதியே அசல் நிறம் என்று பலர் கொள்வர். வெளியே தெரியும் பகுதியைவிட அது நம்பத்தக்க சாட்சிதான். ஆனால் அதுவும் குற்றமற்ற சாட்சி அன்று. எண்ணெய் சார்ந்த பிசின்கள் இருட்டில் நெடுங்காலம் இருந்தால் மஞ்சளித்துப்போகும் இயல்புடையவை. ஆகவே வெயிலில் கிடந்த பச்சை ஒரு திசையில் விலகியிருந்தால், மறைவில் கிடந்த பச்சை மற்றொரு திசையில் விலகியிருக்கலாம். அக்காலத்து வண்ணப் புகைப்படங்களையும் அச்சிட்ட விளம்பரங்களையும் அப்படியே நம்ப முடியாது. அவற்றின் சாயங்களுக்கும் வயதாகிவிட்டது.

ஆகவே ஒரே இடத்தை நம்பாமல், இருக்கையின் அடி, பக்கப் பெட்டியின் உட்புறம், திருகாணிகளின் தலை மறைத்த இடம் என்று பலவற்றை அளந்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று பார்ப்பதே முறை. ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்று உங்கள் ஆசிரியர் சொல்வதும் இதற்காகத்தான்.

பத்தில் ஒரு மில்லிமீட்டர் வரலாறு

வாகனத்தின் பூச்சு பொதுவாக எல்லா அடுக்குகளும் சேர்ந்து பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனமே இருக்கும். அதற்குள் ஒரு வரலாறே அடங்கியிருக்கிறது. ஊசிமுனை அளவு துணுக்கை எடுத்துப் பக்கவாட்டில் வெட்டி நுண்ணோக்கியில் வைத்தால், அடிப்பூச்சு, நிறப்பூச்சு, பின்னால் யாரோ பூசிய மறுபூச்சு என்று அடுக்கடுக்காகத் தெரியும். எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் அவற்றில் ஈயம் உண்டா, குரோமியம் உண்டா என்றும் அறியலாம்.

முன்னர்ச் சொன்ன சிவப்புச் சட்டத்தை எண்ணிப் பாருங்கள். முதலில் வந்த சிவப்புச் சட்ட வண்டிகளே அரியவை. பின்னால் வந்த கறுப்புச் சட்டத்தின்மீது சிவப்பைப் பூசிவிட்டால் வெறுங்கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. ஆனால் அடுக்குகள் சொல்லிவிடும். அடிப்பூச்சின்மேல் நேரே சிவப்பு இருந்தால் ஒரு கதை. இடையில் கறுப்பு இருந்தால் வேறு கதை. அதே போல, அரிய சிவப்புச் சட்டம் ஒன்றின்மேல் யாரோ கறுப்பைப் பூசியிருக்கவும் கூடும். சட்டத்தை முழுதும் சுரண்டி வெற்று எஃகாக்கிவிட்டால், உண்மையும் பொய்யும் ஒன்றாகிவிடும். அதன்பின் எந்த நுண்ணோக்கியாலும் பயனில்லை. வர்ணத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பூசலாம். முதற்பூச்சு ஒரே முறைதான்.

இத்தாலியர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஓவியங்களையும் சிற்பங்களையும் காப்பதற்கென்றே 1939இல் ரோம் நகரில் நடுவண் சீரமைப்பு நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள். அதன் முதல் இயக்குநர் செசாரே பிராந்தி. அங்கே வளர்ந்த ஒரு முறையில், ஓவியத்தில் வர்ணம் உதிர்ந்த இடத்தை முழுதும் பூசி மறைப்பதில்லை. மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புகிறார்கள். அரை மில்லிமீட்டர் இடைவெளியுள்ள கோடுகளைச் சுமார் ஒன்றே முக்கால் மீட்டருக்கு அப்பால் நம் கண்ணால் பிரித்தறிய இயலாது. தொலைவில் நின்று பார்ப்பவருக்கு ஓவியம் முழுமையாகத் தெரியும். அருகில் வந்து பார்ப்பவருக்கு எது பழையது, எது புதியது என்பது விளங்கும். அழகும் கெடவில்லை, உண்மையும் கெடவில்லை.

பழம் வாகனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா 2012இல் ஏற்றுக்கொண்ட கொள்கை அறிக்கைக்கு, இத்தாலிய நகரான தூரினின் பெயரால் ‘தூரின் சாசனம்’ என்று பெயர். பழைய வாகனத்தையும் வரலாற்றுச் சின்னமாகக் கருதிக் காக்க வேண்டும், செய்த வேலைகளைப் பதிந்து வைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். கோயிலுக்கும் ஓவியத்துக்கும் காட்டும் மதிப்பை மோட்டார் சைக்கிளுக்கும் காட்டலாம் என்று ஏற்றுக்கொண்டதுபோல் ஆயிற்று.

எதிர்வாதம்

“ஓவியம் சுவரில் தொங்குவது, வண்டி ஓடுவதற்கென்றே செய்தது. துருப்பிடிக்க விட்டுவிட்டு வரலாறு பேசுவதா?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். எஃகு வெளியே தெரிந்துவிட்டால் ஈரமும் காற்றும் சும்மா இரா. துரு, அருகிலுள்ள நல்ல பூச்சின் அடியிலும் புகுந்து அதைத் தூக்கிவிடும். அத்தகைய இடத்தைச் சுத்தம் செய்து பூச வேண்டியதுதான். பூச்சு முழுவதுமே உதிர்ந்த வண்டிக்கும், விபத்தில் நசுங்கிய டாங்குக்கும் முழுப்பூச்சைத் தவிர வேறு வழியில்லை. அதையெல்லாம் நான் மறுக்கவில்லை.

நான் மறுப்பது வரிசையைத்தான். இன்று நடப்பது பெரும்பாலும் முதலில் சுரண்டல், பிறகு தேடல். அதைத் திருப்பிப்போட வேண்டும் என்கிறேன். முதலில் சோப்பு நீரால் கழுவுக. ஈரத்துணிச் சோதனை செய்க. பல இடங்களில், பல விளக்குகளின்கீழ் பார்க்க. இயன்றால் கருவியால் அளந்து எழுதி வைக்க. வர்ணம் போன இடத்தில் மட்டும் புதிய வர்ணம் பூசுக. முழுதும் பூசியே தீரவேண்டுமானால், மறைவான ஓரிடத்தில் உள்ளங்கை அளவாவது பழைய பூச்சைத் தொடாமல் விட்டுவைக்க. நாளை இன்னும் நுட்பமான கருவிகள் வரும். அவற்றுக்குக் கேள்வி கேட்க ஏதேனும் மிச்சமிருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய பூச்சை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால் கிளம்பும் தூசியில் ஈயமும் குரோமியமும் இருக்கலாம். அதை மூச்சில் இழுப்பது உடலுக்குத் தீங்கு. எனவே அவ்வேலையை வீட்டில் விளையாட்டாகத் தொடங்க வேண்டாம்.

மாணவர்களே, உங்களில் பலர் இத்தாலிய மோட்டார் சைக்கிள் எதையும் கண்டிருக்கமாட்டீர்கள். ஆயினும் இச்சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரே பச்சையாகத் தோன்றும் இரண்டு பொருள்களைத் தேடுங்கள்: ஒரு துணி, ஒரு பிளாஸ்டிக் மூடி, ஒரு நோட்டு அட்டை, எதுவானாலும் சரி. பகல் ஒளியில் ஒன்றாகத் தெரிபவற்றை இரவில் வீட்டு விளக்கின்கீழ் வைத்துப் பாருங்கள். குழல் விளக்கு, எல்இடி விளக்கு, கிடைத்தால் பழைய மஞ்சள் பல்பு என்று மாற்றிப் பாருங்கள். எந்த விளக்கில் ஒத்தன, எந்த விளக்கில் பிரிந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின், “இதுதான் அசல் பச்சை” என்று யாரேனும் சொன்னால், “எந்த வெளிச்சத்தில் பார்த்தீர்கள்?” என்று கேட்கத் தோன்றும். உப்புத்தாளை எடுக்குமுன் கேட்க வேண்டிய முதற்கேள்வி அதுவே.